வவுத்த வலின்னா எந்த இடம்? செரிமான உறுப்புகள் பற்றி டியூஷனில் விழுந்த கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஏழாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள். செரிமான மண்டலம் பாடம் நடக்கும் வாரத்தில் மட்டும் ஒருத்தரும் தூங்கி விழுவதில்லை. கூட்டிப்போக வரும் அம்மாக்களும் மாடிப்படியில் நின்றபடியே தங்கள் பங்குக்கு ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள்தான் அதிகம். நோட்டில் குறித்து வைத்திருந்த அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். நான் அறிவியல் டீச்சர், டாக்டர் இல்லை. உறுப்புகள் எங்கே இருக்கின்றன, என்ன வேலை செய்கின்றன என்பதற்கு இந்தப் பக்கம் போதும். மருந்து மாத்திரைக்குப் போதாது.

மிஸ், வவுத்த வலிக்குது. வீட்டுக்குப் போவட்டா?

போகலாம். அதற்கு முன்னால் ஒரு விரலை வைத்துக் காட்டு, எந்த இடம்?

நம் பேச்சில் நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருப்பதெல்லாம் வயிறுதான். எந்த உறுப்பில் கோளாறு என்றாலும் "வயிறு சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். டாக்டர் படுக்க வைத்து அமுக்கிப் பார்ப்பது, நாம் சொல்லாமல் விட்ட அந்த இடத்தைத் தேடித்தான்.

தொப்புளை நடுவில் வைத்து ஒரு கூட்டல் குறி போட்டுக்கொள். வலது மேல் கட்டத்தில், விலா எலும்புக்குள் ஒளிந்தபடி கல்லீரல். அதன் அடியில் பித்தப்பை. மேலே நடுவிலிருந்து இடப்பக்கமாக இரைப்பை. நிறைய பேர் இரைப்பை என்று தொப்புளைக் காட்டுவார்கள். அது அதைவிட உயரத்தில் இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகை ஒட்டி, கணையம். தொப்புளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது சிறுகுடல். அந்தச் சுருளைச் சுற்றி வாசற்கால் அடித்தது போல் பெருங்குடல்: வலது கீழ் மூலையில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்குகிறது. தொடங்கும் மூலையில் தொங்குவது குடல்வால்.

இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் சுலபம்.

மொத்தம் எத்தனை உறுப்பு? பரீட்சைக்கு எழுதணும்.

இரண்டு கூட்டம். உணவு போகும் பாதை: வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய். உணவு தன் வழியாகப் போகாமலே சாறு மட்டும் அனுப்பும் துணை உறுப்புகள்: உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம். பல்லையும் நாக்கையும் துணைக் கூட்டத்தில் சேர்த்து எழுதினாலும் தப்பில்லை.

ஆட்டுக்கடையில தொங்குதே, அதே மாதிரிதான் நமக்கும் இருக்குமா?

பெரும்பாலும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதிப் பாடம் படித்துவிடலாம். ஈரல் அதே நிறம், அதே வழவழப்பு. குடலும் அப்படியே. ஒரு பெரிய வித்தியாசம் இரைப்பையில். ஆட்டுக்கு அதில் நான்கு அறை. புல்லை ஊற வைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட வேண்டுமே. போட்டி வாங்கும்போது தேன்கூடு மாதிரி ஒரு துண்டு கிடைக்கிறதல்லவா, அது அந்த நான்கில் ஒன்று. நமக்கு ஒரே அறைதான்.

இன்னொன்று: கடைக்காரர் ஈரலோடு சேர்த்து எடுத்து வைக்கும் சுவரொட்டி செரிமான உறுப்பே இல்லை. அது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை வடிகட்டுவதும் கிருமியோடு மல்லுக்கட்டுவதும் அதன் வேலை. இரைப்பைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதால் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் விடைத்தாளில் அதையும் சேர்த்துவிடுவார்கள்.

வாய்க்குள்ளயே செரிக்க ஆரம்பிச்சிடுமா?

ஆமாம். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இரு. லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று ஜோடி சுரப்பிகள் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீர் சுரக்கின்றன. பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்குக் கீழே வீங்குவது அவற்றில் பெரிய ஜோடிதான்.

பொறை ஏறுனா தலைல தட்றாங்களே, ஏன்?

பாசத்தில். வேறு காரணம் இல்லை.

தொண்டையில் இரண்டு வழி பிரிகிறது: முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, குரல்வளை மூடி என்ற சின்ன இலை மூச்சுப் பாதையை மூடிக்கொள்கிறது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்றால் அது மூடுவதற்குள் ஒரு பருக்கை தப்பி உள்ளே போய்விடும். இருமல் அதை வெளியே தள்ளும் வேலையைத் தானே செய்யும். இருமுகிறவரை இரும விட வேண்டும்.

இருமவே முடியவில்லை, பேச்சு வரவில்லை, கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் கதை வேறு. அவரை முன்பக்கம் சாய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தடவை ஓங்கித் தட்ட வேண்டும். வரவில்லையானால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை அழுத்த வேண்டும். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டுவதும், நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் அழுத்துவதும் மட்டுமே.

மீன் முள்ளு மாட்டிக்கிச்சு. சோத்து உருண்டை முழுங்கலாமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எங்கள் வீட்டிலும் ஆயா வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்து "மெல்லாம முழுங்குடி" என்பார். சில தடவை சரியாகியிருக்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை.

ஆனால் முள் பெரும்பாலும் குத்தி நிற்பது உணவுக்குழாயில் இல்லை. அதற்கும் மேலே, டான்சிலிலோ நாக்கின் பின்பக்க அடியிலோதான். உருண்டையை அதன் மேல் தள்ளினால் இன்னும் ஆழமாக இறங்கக்கூடும். லேசாக உறுத்தினால் தண்ணீர் குடித்து, இருமிப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லை, எச்சில் விழுங்கவே வலிக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். விளக்கடித்துப் பார்த்து இடுக்கியால் எடுத்துவிடுவார். விரலை விட்டுத் தோண்டாதீர்கள்.

நெத்திலியை முள்ளோடு தின்கிறோமே என்று ஒரு பையன் மடக்கினான். நெத்திலி முள் மெல்லிசு, பல்லிலேயே நொறுங்கும். மிச்சத்தை இரைப்பை அமிலம் கரைக்கும். சுண்ணாம்புச் சத்து கொசுறாகக் கிடைக்கிறது.

தலைகீழா நின்னுக்கினு சாப்ட்டா கீழ வந்துடுமா?

வராது. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். உணவு அதற்குள் விழுவதில்லை, பிதுக்கித் தள்ளப்படுகிறது. பாலிதீன் பைக்குள் இருக்கும் குச்சி ஐஸை அடியிலிருந்து அழுத்தி மேலே ஏற்றுவோமே, அதே வேலை, திசைதான் வேறு. அதனால்தான் எடையே இல்லாத விண்வெளியிலும் சாப்பிட முடிகிறது. ஆனால் இதைச் செய்துபார்க்காதே. பொறை ஏறும்.

இரைப்பையில ஆசிட் இருக்குன்னா, அது இரைப்பையவே ஏன் தின்னல?

என் நோட்டில் இருக்கும் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். கேட்டது ஏழாவது படிக்கும் பெண்.

அங்கே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புளிப்பைச் சொல்லும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 1.5 முதல் 3.5 வரை, எலுமிச்சைச் சாறு அளவுக்கு, சில நேரம் அதைவிடவும் புளிப்பு. கூடவே பெப்சின் என்ற நொதி. கறியையே உடைக்கக்கூடிய கூட்டணி இது, இரைப்பையும் கறிதானே. காப்பாற்றுவது இரண்டு ஏற்பாடு. உட்சுவர் முழுக்கக் கெட்டியான கோழைப் பூச்சு. அந்தக் கோழைக்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட். இரண்டாவது, சுவரின் மேல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் மாறிவிடுகின்றன. வெள்ளையடித்தது உரிவதற்குள் மறுபடியும் வெள்ளையடிப்பது மாதிரி.

இந்த அறைக்குள் நடப்பதை முதலில் கண்ணால் பார்த்தது ஒரு விபத்தால். 1822-இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார்; ஆனால் இரைப்பைக்குள் போகும் ஓட்டை மட்டும் மூடவே இல்லை. சிகிச்சை செய்த வில்லியம் பியூமான்ட் என்ற ராணுவ மருத்துவர், பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியாக இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். 1833-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். செயின்ட் மார்ட்டினிடம் யாராவது நிஜமாகச் சம்மதம் கேட்டிருப்பார்களா என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். அவர் 1880 வரை உயிரோடு இருந்தார்.

காரம் தின்னா அல்சர் வரும்ன்றாங்களே?

ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரிய வைக்கும். புண்ணை உண்டாக்குபவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அந்த அமிலத்தில் ஒரு கிருமி பிழைக்குமா என்று யாரும் நம்பாதபோது, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து, நிரூபித்தார். அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு ஆன்டிபயாடிக் உண்டு; டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட்டால் குணமாகும்.

இன்னொன்று வலி மாத்திரை. மூட்டை தூக்கிவிட்டு, மீன் கூடை சுமந்துவிட்டு வருகிறவர்கள் மருந்துக்கடையில் "ஒடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று தினமும் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்களே, அந்த வகை மாத்திரைகள் பல, கோழைப் பூச்சையே குறைத்துவிடுகின்றன. மிளகாய் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று மலம் போனால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுக்கும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிரியாணி துன்னுட்டு சோடா குடிச்சா செரிக்குமா?

ஏப்பம் வரும். அது சோடாவுக்குள் அடைத்திருந்த கரியமில வாயு. உன் பிரியாணியிலிருந்து வந்தது இல்லை. இரைப்பை சற்றுத் தளர்ந்த மாதிரி இருக்குமே தவிர, கொழுப்பை உடைக்க சோடாவால் முடியாது. அந்த வேலை இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலில் நடக்கிறது. கோலி சோடாவை நானும் விடுவதில்லை, ருசிக்காக.

பசிச்சா வயிறு ஏன் கத்துது?

சாப்பாடு இல்லாதபோது இரைப்பையும் சிறுகுடலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, வீடு பெருக்குவது மாதிரி, ஒரு பெருக்கல் நடத்துகின்றன. மிச்சம் மீதியை அடுத்த பக்கம் தள்ளும் தசை அலை அது. உள்ளே காற்றும் நீரும் மட்டும் இருப்பதால் சத்தம் கேட்கிறது. சாப்பிட்ட பிறகும் சத்தம் உண்டு, உணவு அதை அமுக்கிவிடுகிறது.

காலையில் வகுப்பில் அந்தச் சத்தத்தோடு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. அது இந்த ஊருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். நம் பேட்டையில் கல்லூரிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தத் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள்.

சிறுகுடல்தான் நீளம். அப்புறம் ஏன் 'சிறு'?

அகலத்தில் சிறிது. குறுக்களவு சுமார் 2.5 செ.மீ. நீளம் புத்தகத்தில் 6 மீட்டர் என்று இருக்கும்: எம்.சி. ரோட்டில் எடுக்கும் சேலையை ஜாக்கெட் பிட்டோடு விரித்துப் போட்டால் அந்த நீளம். உயிரோடு இருப்பவருக்குத் தசை இறுக்கத்தால் இதைவிடக் குட்டையாகவே இருக்கும்.

அதன் உட்புறம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயராத குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நுண்ணிய இழைகள். சாதாரண வேட்டியைவிட தேங்காய்ப்பூத் துண்டு ஏன் அதிகமாகத் தண்ணீர் இழுக்கிறதோ, அதே காரணம்தான். உடைந்த சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, வைட்டமின் எல்லாம் ரத்தத்துக்கும் நிணநீருக்கும் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நானே பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் திரும்ப அளந்து, செரிமானப் பாதை முழுவதற்குமே சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதாவது 320 சதுர அடி. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் மொத்தமும் குடியிருக்கும் வீட்டின் அளவு. பிள்ளைகளுக்கு டென்னிஸ் மைதானத்தைவிட இது சட்டென்று புரிகிறது.

கணையம் என்ன பண்ணும்? சுகருக்கு மட்டும்தானா?

இன்சுலினால் பேர் வாங்கிக்கொண்டது. ஆனால் அதன் பெரும்பகுதி செரிமான வேலைக்காரன். மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும் நொதிகளைக் கணையம் ஒன்றுதான் சேர்த்து அனுப்புகிறது. இரைப்பையிலிருந்து புளித்து வரும் கூழின் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் அதன் சரக்கு. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாய்கிறது, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். குடியும் பித்தக் கல்லும் முக்கியக் காரணங்கள்.

பித்தம் தலைக்கேறிச்சுன்றாங்க. பித்தநீர் தலைக்குப் போகுமா?

போகாது. சித்த வைத்தியத்தில் சொல்லும் பித்தம் ஒரு கணக்கு. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் வேறு. பேர் ஒன்றாகப் போனதால் குழப்பம்.

பித்தநீர் பச்சை கலந்த மஞ்சள். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு போட்டதும் பிசுக்கு சின்னச் சின்னத் துளியாகப் பிரிகிறதே, கொழுப்புக்கு அதைத்தான் அது செய்கிறது. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்க, அதில் ஒரு பகுதியை வாங்கி, சுண்ட வைத்து, 30 முதல் 50 மில்லி வரை பித்தப்பை சேமிக்கிறது. கொழுப்பான சாப்பாடு இறங்கியதும் பை சுருங்கிப் பீய்ச்சும். பைக்குள் கல் இருந்தால் அப்போதுதான் மாட்டும். கல்யாண பிரியாணி தின்ற ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுத்து, "கேஸு" என்று சொல்லப்படும் வலிகளில் சில இந்தக் கல்தான். ஸ்கேனில் தெரிந்துவிடும். பையை எடுத்துவிட்டாலும் வாழலாம். கல்லீரல் நேராகக் குடலுக்குச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும்.

கண் மஞ்சளானால் அது ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியதன் அடையாளம். மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்களின் அறிகுறி: கெட்ட தண்ணீரால் வரும் வைரஸா, கல் அடைப்பா, குடியா என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். மலம் வெளுத்த களிமண் நிறத்தில் போனால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை, அடைப்பு இருக்கலாம். மூலிகை வாங்கப் போகும் வழியில் அந்தப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள்.

கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும். அந்தத் தெம்பில் குடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஈரல்தான் வளரும். வருஷக்கணக்கில் தழும்பேறி இறுகிப்போன ஈரல் அப்படித் திரும்புவதில்லை. அந்தத் தழும்பு ஏறும் காலத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது.

புள்ளைக்கு தொக்கம் விழுந்திருக்கு, எடுத்துட்டு வந்துடட்டுமா மிஸ்?

படிக்கட்டில் நிற்கும் அம்மாக்களின் கேள்வி. பிள்ளை சாப்பிடாமல், வாந்தியெடுத்து, சோர்ந்து கிடந்தால் உணவு எங்கோ ஒட்டிக்கொண்டது என்று நம்பி, ஊதியோ உறிஞ்சியோ எடுக்கும் ஆளிடம் கூட்டிப்போகிறார்கள். எடுத்ததாக ஒரு துணுக்கையும் காட்டுவார்கள்.

இரைப்பையின் உட்சுவர் வழுக்கும் கோழை. சாதாரணச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க இடம் இல்லை. வெளியிலிருந்து உறிஞ்சி அதை எடுக்கவும் வழி இல்லை. பிள்ளை தேறுவது பெரும்பாலும் அந்த வாந்தி தானே நிற்கும் நோய் என்பதால்தான். வீட்டுப் பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாமல் போகிறவர்கள் உண்டு, புரிகிறது. டாக்டரையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால், அது உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துவிடக்கூடும். பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தியெடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

புளியங்கொட்டைய முழுங்கிட்டேன். மரம் மொளைக்குமா?

முளைக்காது. நாளைக்கோ மறுநாளோ முழுசாக வெளியே வரும்.

முதுகுல வாய்வு புடிச்சிக்கிச்சு, தேய்ச்சு விட்டா ஏப்பமா வருதே?

வாயு இரைப்பைக்குள்ளும் குடலுக்குள்ளும் மட்டுமே இருக்கும். அங்கிருந்து முதுகுத் தசைக்குள் நுழைய வழி இல்லை. தேய்க்கும்போது நாம் அறியாமல் காற்றை விழுங்கி, அதையே ஏப்பமாக விடுகிறோம். பிடிப்பு தசைப்பிடிப்பாக இருக்கலாம், தேய்த்தால் சுகமாகவும் இருக்கலாம்.

பயம் வேறொன்றில். நெஞ்சு நடுவில் பாரம், வேர்வை, தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி. இதை "கேஸு" என்று சொல்லி ஓம வாட்டர் குடித்துப் படுத்தவர், விடியும்வரை இல்லாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலி இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ வெறும் அஜீரணமாகவோகூட வரும். இரைப்பையும் இதயமும், உதரவிதானம் என்ற தசைத் திரையின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கும் அண்டைவீட்டுக்காரர்கள். வலி யாருடையது என்று ஈ.சி.ஜி. சொல்லட்டும்.

குடல்வால் எதுக்குமே உதவாதாமே?

முன்பு அப்படித்தான் சொன்னார்கள். அதில் நோய் எதிர்ப்புத் திசு நிறைய இருக்கிறது. நல்ல பாக்டீரியாக்களுக்கு அது ஒரு பத்திரமான மூலை என்றும் கருதுகிறார்கள். எடுத்துவிட்டாலும் வாழ்க்கையில் குறை தெரியாது.

அது வீங்கினால் வலி நடந்து போகும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக, சில மணி நேரத்தில் வலது கீழ் மூலைக்கு இறங்கிக் கூர்மையாக. பசி இருக்காது, குமட்டும், காய்ச்சல் தொடங்கும். காலாண்டுப் பரீட்சை அன்று என்னிடம் ஒரு பெண் வயிற்று வலி என்றாள். பயம் என்று நினைத்து இஞ்சி மொரப்பா கொடுத்து உட்கார வைத்தேன். அரை மணி கழித்து எழுந்தவள் வலது பக்கம் சாய்ந்து, நொண்டி நடந்தாள். அப்போதுதான் "எங்கே?" என்று கேட்டேன். அன்று ராத்திரியே ஆபரேஷன். அதற்குப் பிறகுதான் இந்த விரல் வைத்துக் காட்டும் வழக்கம் கொட்டகையில் வந்தது.

டீ குடிச்சாதான் வருதுன்றாரு எங்க நைனா. உண்மையா?

உண்மை. இரைப்பைக்குள் ஏதாவது இறங்கியதும் "இடம் காலி பண்ணு" என்று பெருங்குடலுக்குச் செய்தி போகும். காலையில் அது இன்னும் பலமாக இருக்கும். வெந்நீர் குடித்தாலும் நடக்கும். நைனா ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். நாம் குடிப்பதும் உறுப்புகள் சுரப்பதுமாக ஒரு நாளில் சிறுகுடலுக்குள் வரும் நீர் ஏறக்குறைய 9 லிட்டர். சிறுகுடல் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் ஒன்று, ஒன்றரை லிட்டரையும் பெருங்குடல் இழுத்து, 100 அல்லது 200 மில்லியை மட்டும் வெளியே விடுகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நம்மால் முடியாத நாரைப் புளிக்க வைக்கின்றன, வைட்டமின் கே தயாரிக்கின்றன. பருப்பும் கொண்டைக்கடலையும் தின்றால் வரும் காற்று அவர்களுடைய உபயம். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் கொஞ்சம் குறையும்.

ஒரு நாளில் மூன்று தடவை போவதும் வாரத்தில் மூன்று தடவை போவதும் இயல்புக்குள்தான். பர்மா அத்தோ கடையில் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பை நூடுல்ஸுக்குத் துணை என்று நினைத்து மிச்சம் வைக்காதீர்கள். அந்தத் தட்டில் நார் இருப்பது அதில்தான்.

பேதியானா எதுக்குக் கஞ்சி?

ஸ்டான்லியைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர் விட்ட ஆஸ்பத்திரி அது. உப்புப் போட்ட கஞ்சி பேதிக்கு நல்லது என்பதற்குக் காரணம் சிறுகுடல் சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு கதவு, உப்பும் குளுகோஸும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதியின்போதும் அந்தக் கதவு வேலை செய்கிறது. கஞ்சியின் மாவு உடைந்து குளுகோஸ் ஆகிறது, உப்பு நாம் போடுவது.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர், ஊசி வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோக, உப்பும் குளுகோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். கையில் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தாண்டக் கூடாது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வந்தால் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். பிள்ளைக்குக் கண் குழிந்து, மூத்திரம் நின்று, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

சக்கரை துன்னா வயித்துல பூச்சி வருமா?

சர்க்கரையிலிருந்து பூச்சி வராது. முட்டை கையிலிருந்தோ கழுவாத காய்கறியிலிருந்தோ வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழு வெறுங்காலில் துளைத்தும் ஏறும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடாமல் மென்று விழுங்கினால் போதும். யார் தூக்கிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நேத்து ராத்திரி துன்ன இட்லி இப்ப எங்க இருக்கும்?

இப்போது சாயங்காலம் ஆறு மணி. இரைப்பையை ராத்திரியே தாண்டியிருக்கும், சிறுகுடலை விடிவதற்குள். உடம்புக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்துக்குப் போயாகிவிட்டது. மிச்சம் பெருங்குடலில் எங்கேயோ மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே மட்டும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம்.

சரியாகத் தெரிய வேண்டுமானால் பீட்ரூட் பொரியல் நிறைய தின்றுவிட்டு நேரத்தைக் குறித்து வை. சிவப்பு வெளியே வரும் நேரத்தையும் குறி. போன வாரம் எட்டாவது பையன் ஒருத்தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினான்: "செவ்வாய் ராத்திரி 8 மணி. வியாழன் காலை 6.30. மொத்தம் 34 மணி 30 நிமிடம்." கழித்தல் சரியாகப் போட்டிருந்தான். டிக் அடித்துக் கொடுத்தேன்.